இல்லாத கார்

மனித குலம் கண்டுபிடித்தவற்றிலேயே கருணை மிக்கது வாகனக் காப்பீட்டு நிறுவனம்தான். விபத்துக்கு முன்பு அது நமக்காகக் கவலைப்படுகிறது. விபத்துக்குப் பின்பு தனக்காகக் கவலைப்படுகிறது. இந்த உண்மை சலவைக்கடை அம்மாவுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கியது.

சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு அவள் தன் பழைய காரை நிறுத்தியிருந்தாள். பின்னால் வந்த ரொட்டி வேன் எதற்கும் கட்டுப்படவில்லை. டிக்கி அப்பளமாக நொறுங்கியது.

வேன்காரர் இறங்கி ஓடிவந்தார். "தப்பு என் பேர்லதாம்மா. போனைப் பாத்துக்கிட்டே வந்துட்டேன். எங்க வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, பயப்படாதீங்க."

நல்ல மனிதர். தப்பு, இன்ஷூரன்ஸ் இரண்டும் அவரிடம் இருந்தன. அவளிடம் இரண்டும் இல்லை. வருடாவருடம் இன்ஷூரன்ஸ் கட்டுவது அவள் கணவரின் வேலை. அந்த வருடம் அவர் செத்துப்போயிருந்தார்.

வீடு வீடாகத் துணி எடுக்கவும் கொடுக்கவும் அந்தக் கார்தான் அவளுக்குக் கால். டிக்கியை மூட முடியாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். துணி காயப்போடும் கயிற்றால் டிக்கியைக் கட்டிவிட்டு, வேனுக்குரிய காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனாள்.

"உங்க வண்டிக்கு ஏன் இன்ஷூரன்ஸ் இல்ல?" என்றார் இழப்பீட்டு அதிகாரி.

"எங்க வீட்டுக்காரர்தான் சார் கட்டுவார். தவறிட்டார்."

"கட்டத் தவறிட்டாரா?"

"உயிரோட இல்ல சார்."

அதிகாரி மரியாதைக்காகக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா போறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன் சார். இடிச்சது அவர்."

"அங்கதாம்மா சிக்கல். இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி ரோட்டுல இருக்கக் கூடாது. இருக்கக் கூடாததை நாங்க இருந்ததா எடுத்துக்க முடியாது. 'நிர்வாகக் கண்ணோட்டத்தில்' உங்க காரே அங்க இல்ல."

"அப்ப வேன் எதுல போய் இடிச்சுது?"

"அதைத்தான் விசாரிக்கிறோம். வேன் மூஞ்சியும் நசுங்கியிருக்கே, அந்தச் செலவையும் உங்ககிட்டதான் கேக்க வேண்டியிருக்கும்."

"இல்லாத காருக்கா?"

"இல்லாத கார் இப்படி இடிபடுற மாதிரி வந்து நிக்கலாமாம்மா?"

இந்த ஞானத்தை அவள் ஒரு கும்பிடு போட்டு வாங்கிக்கொண்டாள். நேரே கொழுந்தனின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள்.

"அந்தாளுக்கு நட்டு கழண்டிருக்கு அண்ணி. நான் வந்து முடுக்கட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம். இன்ஷூரன்ஸ் இல்லாம வண்டிய ஓட்டத்தானே கூடாது? தள்ளலாமில்ல?"

"தாராளமா! எங்க தள்ளணும்?"

மறுநாள் மாலை அலுவலகம் விடும் நேரத்தில், நிறுவனத்தின் ஒரே கேட்டுக்குக் குறுக்கே அந்தக் கார், கயிற்றோடும் கம்பீரத்தோடும் நின்றது. காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா, காரை எடுங்க!"

"எந்தக் கார்ண்ணே?"

"இதோ, இந்தக் கார்!"

"உங்க ஆபீசரைக் கேளுங்க. இல்லவே இல்லைன்னு சொன்னாரே."

உள்ளே மேனேஜரின் கார் ஹாரன் அடித்தது. பின்னால் இன்னும் பத்து ஹாரன்கள். அதிகாரி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். கொள்கைப் பிடிப்புள்ளவர். "சார், நிர்வாகக் கண்ணோட்டத்தில் இங்க கார் எதுவும்..."

"அப்படியாய்யா?" என்றார் மேனேஜர். "அப்ப நீ முதல்ல உன் வண்டிய எடுத்துக்கிட்டு வெளிய போ. நான் பின்னாலயே வரேன்."

அதிகாரி, இன்னும் பாலிதீன் உறை பிரிக்காத தன் புதுக் காரைத் திரும்பிப் பார்த்தார். அம்மா பணிவோடு ஒதுங்கி நின்றாள். "வாங்க சார். ரோடு காலியாத்தான் இருக்கு."

கொள்கை ரிவர்ஸ் எடுத்தது. "கார்... இருக்கு சார்."

"அப்ப அந்தம்மாவுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துத் தொலைய்யா. எனக்கு வீட்டுக்குப் போகணும்!"

'துரித கருணை அடிப்படையில்' அந்த வாரமே காருக்குப் புது டிக்கி வந்தது. அந்த நிறுவனத்துக்குக் கண் தெரியாது என்று இனி யாரும் வாய் கூசாமல் பேச வேண்டாம். சிவப்பு விளக்கில் நின்ற கார் தெரியவில்லைதான். புருஷனைப் பறிகொடுத்து எதிரே உட்கார்ந்திருந்தவளும் தெரியவில்லைதான். அதனால் என்ன? தங்கள் வழியை மறித்தவுடன் பளிச்சென்று தெரிந்துவிட்டதே!