டோர்ட்மண்டில் எட்வர்ட் ஹீத்துக்கு ஓர் அஞ்சலி

ஒரு பிரித்தானியப் பிரதமரை முழுமையாகப் புரிந்துகொள்ளும் ஆற்றல் உலகில் இருவருக்கே உண்டு. ஒருவர் அந்தப் பிரதமர். மற்றவர், ஜேர்மனியிலுள்ள டோர்ட்மண்ட் தமிழ் அறிவோர் வட்டத்தின் செயலாளராகிய நான்.

2005 யூலையில் முன்னாள் பிரதமர் எட்வர்ட் ஹீத் காலமானார். வட்டம் அவசரமாகக் கூடியது. வட்டம் என்றால் தலைவர் தம்பித்துரை அண்ணையும் நானும்.

"ஆர் இவர்?" என்று தலைவர் கேட்டார்.

"பிரித்தானியாவை ஐரோப்பாவோட சேர்த்தவர். பாய்க்கப்பல் ஓட்டுவார். ஓர்கன் வாத்தியம் வாசிப்பார்."

"அப்ப கட்டாயம் அஞ்சலி செய்யத்தான் வேணும். வடை என்ரை பொறுப்பு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. 'நினைவுப் பேருரை' என் தலையில் விழுந்தது. தலையை நானே குனிந்து கொடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டின் மூன்றாவது அறையை 'ஆய்வகம்' ஆக்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். 1972இல் உகண்டாவிலிருந்து துரத்தப்பட்ட ஆசியர்களில் ஆயிரக்கணக்கானோரை, உள்ளூரில் எதிர்ப்பு இருந்தும் ஹீத்தின் அரசு ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தை எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. அப்போது பார்த்து அழைப்புமணி அடித்தது.

வாசலில், அடுத்த தெருவில் குடியிருக்கும் கஜந்தி. கையில் ஒரு பை, பக்கத்தில் அவளுடைய சின்ன மகள். மேல்வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்து, அவர்கள் வீட்டுக் கட்டில்வரை நனைந்துவிட்டதாம்.

"திருத்திமுடிக்கப் பத்து நாள் செல்லுமாம் அண்ணை. அதுவரைக்கும் உங்கட மூண்டாவது அறையில நிக்கலாமோ?"

"ஏலாது தங்கச்சி," என்றேன், மிகுந்த கனிவோடு. "அங்க ஒரு முக்கியமான வேலை நடக்குது."

இருவரும் படியிறங்கினார்கள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் மனைவி சந்திரகாந்தி எட்டிப் பார்த்தாள்.

"அந்த அறையில என்ன, ஹீத்தோ படுத்திருக்கிறார்?"

இத்தகைய கேள்விகளுக்கு ஆய்வாளர்கள் பதில் சொல்வதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, 'கதவைத் திறந்த தலைவர்' என்று தலைப்பு எழுதி அடிக்கோடிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருபத்திரண்டு பேர். நோட்டீசில் அறிவித்தபடியே ஐம்பது நிமிடம் முழங்கினேன். "வாசலில் அகதி நிற்கும்போது, இடம் இருக்கிறதா என்று பார்ப்பவன் அரசியல்வாதி. மனம் இருக்கிறதா என்று பார்ப்பவனே தலைவன்!" கைதட்டல் எழுந்தது. தம்பித்துரை அண்ணை கண்களைத் துடைத்துக்கொண்டார். வடையில் மிளகாய் கூடிவிட்டது என்பது வெறும் வதந்தி.

கடைசி வரிசையில் கஜந்தி இருந்தாள். என் பேச்சு என்னையே உலுக்கியிருந்தது. நேரே அவளிடம் போனேன்.

"தங்கச்சி, இண்டைக்கே வாங்கோ. அறையை ஒதுக்கித் தாறன்."

"வேண்டாம் அண்ணை. அண்டைக்கே கொறற்றி அக்கா கூட்டிக்கொண்டு போட்டா."

கொறற்றி, முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்பவர். வட்டத்தில் உறுப்பினரும் அல்லர்.

"அவவுக்கு ஒரு அறைதானே?"

"ஓம். எங்களை அதில விட்டிட்டு, தான் குசினியில படுக்கிறா."

"அப்பிடிப்பட்டவ இந்தப் பேச்சைக் கட்டாயம் கேட்டிருக்க வேணும். ஏன் கூட்டிக்கொண்டு வரேல்லை?"

"கூப்பிட்டனான் அண்ணை. உங்கட நோட்டீசையும் வாசிச்சுக் காட்டினன்." கஜந்தியின் முகத்தில் கேலி எதுவும் இல்லை. "'போக இடமில்லாத சனத்துக்கு இடம் குடுத்தவர், சரி. அதில ஐம்பது நிமிசம் பேச என்ன கிடக்கு?' எண்டு கேட்டிட்டு, வேலைக்குப் போட்டா."