மூன்று மணிக்குத் திறக்கும் ஃப்ரிட்ஜ்

என் மகள் ஷ்ரேயாவின் எதிர்காலத்தை நானே எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். அவளுக்குத் தெரியாமல்.

தீர்மானம் பெரிது. தடை அதைவிடப் பெரிது. தடையின் பெயர் ஸ்ரீரஞ்சனி. என் மனைவி.

"குழந்தேள் அப்ளிகேஷன்ல அப்பாக்கள் மூக்கை நுழைக்கிறதுதான் இந்த ஊர்ல பெரிய வியாதி," என்றாள். "ஸ்வாமி விளக்கு முன்னாடி சொல்லுங்கோ, லாப்டாப்பைத் தொட மாட்டேன்னு."

"தொட மாட்டேன்."

எங்கள் வீட்டு ஸ்வாமி விளக்கு பிளக்கில் சொருகுவது. அப்போது கரண்ட் இல்லை. ஆகவே சத்தியம் செல்லாது என்று உள்ளுக்குள் குறித்துக்கொண்டேன்.

"இன்னொரு விஷயம். உங்ககிட்ட ஒண்ணு பேசணுமே."

"நாளைக்குப் பேசலாம் ரஞ்சனி."

"சரி."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நான் 'நாளைக்கு' என்று சொன்னால் அவள் 'சரி' என்பாள். எங்கள் தாம்பத்தியம் ஓடுவதே இந்த எண்ணெயில்தான் என்று நம்பியிருந்தேன்.

ஒஹையோவிலிருந்து திரும்பி இரண்டு வருஷமாகிறது. பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு எதிரே ஐந்தாவது மாடி. நான் விழித்திருக்கும்போது என் கம்பெனி அந்தப் பக்கம் தூங்குகிறது. ஆகவே பகல் முழுவதும் நான் வீட்டுக்குள் நடப்பேன். நவம்பர் மாதம். ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். நடுவில் ஒரு பருந்து, ஆணியில் மாட்டியதுபோல் அசையாமல் நிற்கும். லிஃப்ட் தானாக மேலே வரும், எங்கள் மாடியில் திறக்கும், யாரும் இறங்க மாட்டார்கள், மூடிக்கொண்டு கீழே போகும்.

இரண்டரைக்கு ரஞ்சனி தமிழ் நூலகத்துக்குப் போவாள். ஷ்ரேயா செகண்ட் பி.யூ., அதாவது பிளஸ் டூ; காலேஜ் முடிந்து டியூஷன். மூன்று மணிக்கு வீட்டில் நான் மட்டும். எனக்கு டாக்டர் தடை செய்த பாதுஷா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் திறந்திருந்த லாப்டாப் முன் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம். முதல் பக்கங்களை விட்டுவிட்டு நேராகக் கட்டுரைக் கேள்விக்குப் போனேன்.

'உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைப் பற்றி எழுதுங்கள். நூற்றைம்பது சொற்கள்.'

பதில் ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொல்கிறேன்.

'எங்கள் வீட்டில் ஓர் ஆவி இருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் வந்தது. பகலில்தான் நடமாடும். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றும். உலர்ந்த படுக்கையில் ஈரத் துண்டு தோன்றும். சரியாக மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும். ஓர் இனிப்பு குறைந்திருக்கும்.'

கையிலிருந்த பாதுஷா கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். படுக்கையறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே யாருமில்லை. கட்டில் மேல் ஈரத் துண்டு.

என் குழந்தை எதையோ பார்த்திருக்கிறாள்! இதை எழுதி அனுப்பினால் சீட்டு எங்கே கிடைக்கும்? மொத்தத்தையும் அழித்தேன். வேர்களைத் தேடித் தாய்நாடு திரும்பிய குடும்பம் பற்றி நூற்றைம்பது சொற்கள் எழுதினேன். படித்தபோது என் கண்ணே கலங்கியது.

மறுநாள் மூன்று மணி. தூறல். திரையைத் திறந்தேன்.

ஆவி திரும்பி வந்திருந்தது. கூடவே புதிதாக நாலு வரி.

'நேற்று அது நான் எழுதியதை அழித்தது. அதற்கு எழுதத் தெரிகிறது. வேர்கள் என்று ஏழு முறை எழுதியிருந்தது. முன்பு ஏதாவது மரத்தில் குடியிருந்திருக்கலாம்.'

முதுகுத்தண்டில் யாரோ ஐஸ் வைத்ததுபோல் இருந்தது. அழித்தது நான். ஆனால் 'அது' என்று இருக்கிறதே! அப்படியானால் நேற்று என் விரல்களை அசைத்தது யார்? விரல்களைப் பார்த்தேன். பாதுஷாவின் சர்க்கரை ஒட்டியிருந்தது. நான் எப்போது எடுத்தேன்? ஞாபகமே இல்லை.

சாயங்காலம் மெதுவாக விசாரித்தேன்.

"ஷ்ரேயா, நம்ம ஆத்துல யாரோ நடமாடற மாதிரி உனக்குத் தோணறதா?"

"நீதாம்பா நாள் பூரா நடமாடறே."

குழந்தை மறைக்கிறாள். எங்கள் வீட்டில் வேலை செய்யும் தனக்கோடியைப் பிடித்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து வருகிறவள். பொய் சொல்ல மாட்டாள். சொல்ல நேரமில்லை, அடுத்து மூன்று வீடு இருக்கிறது.

"தனக்கோடி, இந்த வீட்டுல ஏதாவது... இருக்கா?"

துடைப்பத்தை நிறுத்தினாள். "இன்னா சார் திடீர்னு கேக்கறே? ரெண்டு வருசமா இருக்குதே."

"நீ பாத்தியா?"

"தெனம் பாக்கறேன். நான் பாத்ரூம் கழுவுறப்போ பின்னாடி காலடிச் சத்தம் கேக்கும். ஃப்ரிட்ஜு தொறக்கும். துண்டு ஈரமா கெடக்கும். அம்மாவுக்கும் தெரியும்."

"அம்மா பயப்படலையா?"

"பயமா? பழகிடுச்சு சார். பாவம், ஒண்ணும் செய்யாது. ஒண்ணுமே செய்யாது."

"போக வைக்க வழி இருக்கா?"

கொஞ்சம் யோசித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் போலிருந்தது. "நாளே பா எழுதிடு சார்."

எனக்கு உடனே பழைய ஞாபகம் வந்தது. நான் காலேஜில் சேர்ந்த புதிது. ஊரெங்கும் ஒரு ஆவி தெருத்தெருவாக வருகிறதென்று பேச்சு. வீட்டு மனிதர் குரலில் கூப்பிடுமாம். கதவைத் திறந்தால் போச்சு. அதற்கு மருந்து, வாசல் கதவில் சாக்பீஸால் கன்னடத்தில் இரண்டு வார்த்தை: நாளே பா. நாளைக்கு வா. ஆவி வரும். படிக்கும். மரியாதையாகத் திரும்பிப் போகும். மறுநாள் வரும், மறுபடி படிக்கும், மறுபடி போகும். பெங்களூர் ஆவிக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியும். நேற்று வந்தது மட்டும் மறந்துபோகும்.

இந்த ஆவி வசிப்பதோ லாப்டாப்பில். கதவில் எழுதி என்ன பயன்? மூன்றாம் நாள் மூன்று மணிக்கு, கட்டுரையின் அடியில், கன்னட எழுத்தில் தட்டினேன்: நாளே பா. லிஃப்ட் வந்து திறந்தது. யாருமில்லை. மூடிக்கொண்டு போனது. விரட்டிவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் திரை சொன்னது: 'விண்ணப்பம் சமர்ப்பிக்கப்பட்டது. இனி திருத்த முடியாது.'

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரஞ்சனி லாப்டாப்பை என் முன்னால் வைத்தாள். 'வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தது கடிதம்.

"ஷ்ரேயா! சீட்டு கிடைச்சுடுத்து!" என்று கத்தினேன்.

"எனக்கு எதுக்குப்பா? நான் இங்கேயே மல்லேஸ்வரத்துலதான் படிக்கப் போறேன். ஜூன்லேயே சொல்ல வந்தேன். நாளைக்குப் பேசலாம்னே."

மறுபடி பார்த்தேன். 'வாழ்த்துகள், ஸ்ரீரஞ்சனி.'

"கதை எழுதற படிப்பு," என்றாள் ரஞ்சனி. "ஸ்காட்லாந்து. ஒரு வருஷம். செப்டம்பர்ல சேரணும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"பதினோரு தடவை ஆரம்பிச்சேன். பதினோரு தடவையும் நாளைக்குன்னேள்."

நான் திறந்தே பார்க்காத முதல் பக்கம் கண்முன் வந்தது. பெயர் அங்கேதான் இருந்திருக்கும். வீட்டில் செகண்ட் பி.யூ. படிக்கும் பெண் இருந்தால் யார்தான் பெயரைப் பார்ப்பார்கள்?

"அப்போ அந்த... ஆவி?"

அவள் என் வலது கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதில் பாதி பாதுஷா இருந்தது.

சமையலறையில் தனக்கோடிக்கு மறுபடி இருமல் வந்தது.

"கடைசில ரெண்டு வார்த்தை கன்னடத்துல இருந்துதே, அதை நான் அழிக்கலை," என்றாள் ரஞ்சனி. "ஆவியே கைப்பட எழுதினதாச்சே. அதுக்குக் கீழ ஒரு வரி சேர்த்தேன். அந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சுதுன்னு லெட்டர்ல எழுதியிருக்கா."

படித்துக் காட்டினாள். 'இதன் பொருள், நாளைக்கு வா. இருபத்திரண்டு வருடங்களாக நான் கதவருகே போவேன், இதைக் கேட்பேன், திரும்பிவிடுவேன். ஆவி யார் என்று எனக்கே இப்போதுதான் சந்தேகம் வருகிறது.'

ஏரிப் பக்கம் பார்த்தேன். பருந்து அசையவில்லை. சிரிப்பும் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் என் வீட்டில் யாரோ ஒருவர் குரலில்லாமல் நடமாடியிருக்கிறார். அது நானில்லை.

"ரஞ்சனி... ஒரு வருஷம் நான் தனியா..." என்றேன். "இதைப் பத்தி நாளை..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தனியாவா?" என்றாள். "அதான் துணைக்கு அது இருக்கே."

செப்டம்பரில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். ஷ்ரேயா காலேஜுக்குப் போய்விட்டாள். வீட்டில் சத்தமே இல்லை. மணி மூன்று. கால்கள் தாமாகவே சமையலறைக்கு நடந்தன.

ஃப்ரிட்ஜ் கதவில் சாக்பீஸ் எழுத்து. ரஞ்சனியின் கை. நாளே பா.

வந்தேன். படித்தேன். மரியாதையாகத் திரும்பிப் போனேன்.