மாவுத் தூக்கோடு ஒரு சைக்கிள் ஊர்வலம்

சைக்கிள் ஓட்டத் தெரிவது வேறு, சைக்கிளைவிட்டு இறங்கத் தெரிவது வேறு. எனக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். (இரண்டாவதை யாரும் சொல்லித் தரவில்லை. நானும் வெட்கத்தில் கேட்கவில்லை.)

நான் படித்தது அஞ்சாவது வரை. வீடு உழவர்கரையில். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற விடுதி ஒன்று கடற்கரைப் பக்கம் இருக்கிறது. அங்கே காலைப் பலகாரம் செய்வது என் வேலை. விடுதியை நடத்துகிற அம்மாவை எல்லோரும் மதாம் என்போம். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மதாம் நல்ல மனுஷிதான், கடிகாரத்தைப் பார்க்காத வரைக்கும்.

எனக்கு வாய்த்த பஸ் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். தாமதமாகப் போய்ப் போய், ஒருநாள் மதாம் சொல்லிவிட்டார். "பாக்கியம், இன்னொரு வாட்டி லேட்டா வந்தன்னா வேற ஆள பாத்துக்குவேன்."

எனக்கு அந்த வேலை போனால் உயிர் போனமாதிரி. வீட்டில் சும்மா உட்கார்ந்து மருமகள் கொடுக்கிற காபியைக் குடிக்க வெட்கம்.

அப்போதுதான் மூலையில் கிடந்த சைக்கிள் கண்ணில் பட்டது. மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அவள் கல்யாணமாகிப் போனாள், சைக்கிள் போகவில்லை. சீட்டு அவள் உயரத்திலேயே துருப்பிடித்து நின்றுவிட்டது. உட்கார்ந்தால் எனக்குக் கால் எட்டாது. அதனால் எங்கள் வீட்டுப் படியில் நின்று ஏறுவேன், விடுதி வாசல்படியில் காலை ஊன்றி இறங்குவேன். நடுவில் பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்கும், நான் நிற்க மாட்டேன். (சிக்னலில் என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் அது மஞ்சளாகக் கண்ணடித்துக்கொண்டுதான் இருக்கும்.)

கொஞ்ச நாள் ராணி மாதிரிதான் போய்வந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடுதியில் கிரைண்டர் ரிப்பேர். இட்லி மாவை வீட்டிலேயே அரைத்து, தூக்கில் ஊற்றி, ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பிரான்சிலிருந்து வந்திருந்த புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் அன்று ஊருக்குக் கிளம்புகிறார்கள். போவதற்கு முன்னால் இட்லி சாப்பிட்டே ஆகவேண்டுமாம். ராத்திரி பொங்கியது போதாதென்று, மாவு வழியெல்லாம் மூடியைத் தூக்கித் தூக்கி எட்டிப்பார்த்தது.

விடுதித் தெருவில் திரும்பினேன். பின்னால் ஒரே மணிச்சத்தம். மஞ்சள் பனியன் போட்ட ஒரு படையே சைக்கிளில் வருகிறது. 'வேலைக்கு சைக்கிளில் செல்வோம்' என்று முன்னால் பேனர். கண்மூடித் திறப்பதற்குள் நான் நடுவில்.

போகட்டும், விடுதிப் படி வந்தால் இறங்கிவிடலாம் என்று பார்த்தேன். படிமேல் மதாமும் அந்தப் பிரெஞ்சுக்காரர்களும் நின்று ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கிறார்கள். கால் வைக்க இடமில்லை.

தள்ளிக்கொள்ளச் சொல்லிக் கத்தியிருக்கலாம். அவ்வளவு சத்தம் என் தொண்டையில் கிடையாது. மதாம்தான் கேட்டார், "பாக்கியம், எங்க போற?"

"தெரியல மதாம்" என்றேன். அதுதான் உண்மை. பிரெஞ்சுக்காரர்கள் கை தட்டினார்கள். மதாம் தட்டவில்லை.

கடற்கரைச் சாலையில் பந்தல் போட்டிருந்தது. எல்லோரும் ஜோராக இறங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே உயரமான இடம் மேடைதான். அதில் காலை ஊன்றலாம் என்று போனேன். காலுக்கு முன்னால் சக்கரம் ஊன்றிவிட்டது. மேடை ஆடியது. மேலே மாலையோடு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் நாற்காலியோடு ஆடினார். மாவில் பாதி என் சேலைக்கு, கொஞ்சம் அவர் செருப்புக்கு.

திட்டுவார்கள் என்று பார்த்தால், தூக்கி மேடையில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊர்வலத்திலேயே வயசானவள் நான்தானாம். ஒரு தம்பி மைக்கை வாயருகே நீட்டி, வேலைக்கு சைக்கிளில் போவது எல்லோருக்கும் சரிப்படுமா, சொல்லுங்கள் பெரியம்மா என்றான்.

சொந்தக்காரர் வீட்டிலேயே தண்ணீர் கேட்கக் கூச்சப்படுகிறவள் நான். எப்படியோ வாய் திறந்தது. "கொத்தனாரு, மேஸ்திரி எல்லாம் தெனம் சைக்கிள்லதான் போறாங்க, அவங்கள கேளுங்க. எனக்குக் கால் எட்டல. இப்ப போயி இட்லி ஊத்தலன்னா வேலை போயிடும். என்ன யாராச்சும் எறக்கி விடுங்க."

ஒரே கைதட்டல். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்போது மதாம் வந்துவிட்டார். தெருவில் சொட்டியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், பசியோடு. இன்றோடு சரி என்று நினைத்தேன். மதாம் பொன்னாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். "அடியில கொஞ்சம் இருக்கு. தோச ஊத்தலாம், நட" என்றார்.

ஆளுக்கு ஒரு தோசைதான் வந்தது. அவர்கள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கார் ஏறினார்கள். பிறகு மதாம் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "நாளையிலேர்ந்து பஸ்ல வா. லேட்டானா ஆவட்டும். சைக்கிள்ல வந்தன்னாதான் வேற ஆள பாப்பேன்."

இன்றைக்கும் பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்தில் போட்டோவுக்கு என்னை மேடைக்குக் கூப்பிட்டாலும், என் மகன் முதலில் ஓடிவிடுவான். மேடைக் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்ப்பான். ஊரே பார்க்க என் பக்கம் திரும்பி, "தாங்கும், வாம்மா" என்பான்.