அறுவடை விழாவில் ஒரு பைலா

ஒரு கருத்தை நீண்ட காலம் தூசி தட்டாமல் வைத்திருந்தால், அது வேத வசனம் மாதிரியே தோன்றத் தொடங்கிவிடும். என்னிடம் இருந்தது, "தப்பு மேளம் என்றால் செத்த வீடு" என்ற கருத்து.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு நான் தலைவன். (தலைவன் என்பது பெரிய சொல். மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருத்தி என் மனைவி ராணி. அவளும் வீட்டுச் சமாதானத்துக்காக வருகிறவள்.) வெள்ளவத்தைத் துணிக்கடையில் வேலை செய்யும் செல்வி, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தோழிகளோடு கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பாள். அறுவடை விழா நெருங்கியபோது என்னிடம் வந்தாள்.

"சார், எங்க தோட்டத்து சர்ச்சுல தப்பு அடிச்சுத்தான் பாடுவோம். இங்கயும் ஒரு பாட்டுக்கு அடிக்கட்டுங்களா?"

"அது சரிவராது பிள்ளை. வேணுமெண்டா வெளியில நிண்டு அடியுங்கோ."

அடுத்த ஞாயிறு கடைசி வாங்கு காலி. போதகர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைகளும் போனா ஆருக்கு அண்ணை பாடப் போறியள்? விழாவுக்கு மேளத்தோட வரச்சொல்லிக் கெஞ்சிக் கேட்டிருக்கிறன்."

நான் விடுவேனா? நானும் காலத்துக்கேற்ப மாறுகிறவன்தான் என்று காட்ட, ஹெந்தளையில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் நண்பனிடம் கீபோர்ட் இரவல் வாங்கினேன். (ஹார்மோனியம் தெரிந்தவனுக்கு இதென்ன பெரிய வித்தை! தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.)

விழா அன்று பீடத்தின் முன் பூசணிக்காய், வாழைக்குலை, செவ்விளநீர். கடைசி வாங்கில் செல்வி, மடியில் மேளத்தோடு. கோட்டும் டையுமாக எழுந்தேன், முகத்தில் பக்தியை வரவழைத்தேன், முதல் கட்டையை அழுத்தினேன்.

பைலா! முந்தைய நாள் கல்யாணத்தில் எல்லாரும் ஆடிய ஆட்டப் பாட்டின் தாளம் அப்படியே உள்ளே இருந்திருக்கிறது. ஒரு பொத்தானை அமுக்கினேன், வேகம் கூடியது. இன்னொன்றை அமுக்கினேன், எக்காளமும் சேர்ந்துகொண்டது. முன்வாங்குப் பெரியவர் ஒருவரின் தோள் மெல்ல ஆடியது.

"நிப்பாட்டுங்கோப்பா!" ராணி பல்லைக் கடித்தாள்.

வயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. உள்ளே பற்றரி. கடைசியில் அதைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு நடுவழியால் ஓடினேன். பைலாவும் கூடவே வந்தது.

வெளியே மாமரத்தடியில் அதைக் குப்புறப் போட்டுப் பற்றரியைக் கழற்றி எறிந்தேன். உள்ளே போதகரின் குரல் கேட்டது. "செல்வி, நீங்க தொடங்குங்கோ மகள்."

மேளம் எழும்பியது. நான் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் யாரும் வாய் திறக்காத அதே நன்றிப் பாட்டு. இன்று கூரை ஓடு அதிர, சபை முழுவதும் பாடியது. ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். செல்வி கண்ணை மூடி அடித்துக்கொண்டிருந்தாள். முன்வாங்குப் பெரியவர் அழுதுகொண்டே பாடினார். எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை பெரிய துதி இந்தப் பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது, அதை வெளியே நிறுத்தப் பார்த்தேனே என்று பயமாகவும் இருந்தது. சத்தமில்லாமல் உள்ளே போய்க் கடைசி வாங்கில் நின்று நானும் பாடினேன். அதில் பாதி அழுகைதான்.

இப்போது விழாக்களுக்கு முன் மாமரத்தடியில் வைக்கோல் கொளுத்தி, மேளத்தின் தோல் இறுகக் காய்ச்சிக் கொடுப்பது என் வேலை. பழக்கதோஷம் மட்டும் முழுதாகப் போகவில்லை. பாடகர் குழுக் கூட்டங்களில் வாய் தவறி, "அது சரிவராது" என்று தொடங்கிவிடுவேன். ராணி மெல்லப் பைலா முணுமுணுப்பாள். செல்வி மிகுந்த மரியாதையோடு எழும்பி நிற்பாள்.

"சார், வேணும்னா வெளிய நின்னு சொல்லுங்க."