ஆமைக்கு வைத்த கதவு

மாமனார் ஆகப் போகிறவர் முன்னால் சாமர்த்தியம் காட்டுகிறவன், இரவல் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போகக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், அப்போது எனக்கு அவ்வளவு திமிர்.)

அறுபதுகளின் தொடக்கம். ஜோகுபாளையத்து முனிரத்தினம் அல்சூர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தார். அவர் மகள் கமலாவைத்தான் எனக்குக் கேட்டிருந்தார்கள். மீன் பிடிக்க அவர் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்த கூடுகளில் ஆமைகளும் நுழைந்து, வெளியே வர வழியில்லாமல் மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தன. கரையில் குளிக்க வருகிறவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். குத்தகையே பறிபோகும் போலிருந்தது.

"தம்பி ஃபேக்டரில ஃபிட்டராமே? ஆமை சாவாத கூடு ஒண்ணு பண்ணிக் காட்டு. அப்புறம் பொண்ணு விஷயம் பேசலாம்" என்றார்.

செய்தேன். கம்பிக் கூடு. பெரிய ஆமை நுழையாதபடி வாயை என் கை அளவுக்குச் சுருக்கினேன். தப்பித் தவறிக் குட்டி ஆமை வந்துவிட்டால் அது வெளியேற, பலமாக முட்டினால் வெளிப்பக்கம் திறக்கும் சின்னக் கதவு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வீடே கரையில் கூடியது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முந்தின நாள் போட்டு வைத்த கூட்டைத் தூக்கினேன். கெண்டைகள் துள்ளின. ஆமை இல்லை. அத்தோடு கரையேறியிருக்கலாம்.

"கைய விட்டு எடுத்துக் காட்றேன் மாமா!"

மீனை எடுக்க அடியில் தனி மூடி வைத்திருந்தவனும் நான்தான். ஆனாலும் வாய் வழியாகக் கையை விட்டேன். பாசிக்குள்ளிருந்து ஏதோ வழவழவென்று என் விரல்களைச் சுற்றியது.

"ஹாவு! ஹாவு!" என்று அலறினாள், கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த கன்னடக்காரி. பாம்பு! கையை இழுத்தேன். உள்நோக்கி வளைத்த கம்பிகளில் கடிகாரப் பட்டை கொக்கிபோட்டுக்கொண்டது. நுழைந்தது திரும்பாதபடி அந்தக் கம்பிகளை வளைத்த மேதையும் நானே.

கூட்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் உருண்டேன். எதிரே தெரிந்த முகத்தைப் பார்த்துக் கதறினேன்:

"அக்கா! காப்பாத்துங்க அக்கா!"

அது கமலா.

அந்தத் தண்ணீர்ப்பாம்புதான் எங்களில் நிதானமானது. கதவை முட்டித் திறந்துகொண்டு தன் வழியே போயிற்று. (கதவு பிரமாதமாக வேலை செய்தது.) மிச்சம் மாட்டியிருந்தது நான் மட்டும்.

முனிரத்தினம் இறங்கி வந்து கடிகாரப் பட்டையை அவிழ்த்தார். சட்டைக் காலரைப் பிடித்து என்னைத் தூக்கி நிறுத்தினார்.

"கூடு நல்லாத்தான் கீது. வேணாத்தது வந்து மாட்டிக்குதே, அதான் யோசனை." மகளைப் பார்த்தார். "என்னாம்மா, தண்ணிலயே விட்றலாமா?"

என் காலடியில் ஏரி இன்னும் ஆழமாக இருக்கக் கூடாதா என்று தவித்தேன்.

கமலா முந்தானையால் வாயைப் பொத்தியபடி சொன்னாள்: "சின்ன மீனத்தானே திருப்பி விடுவ? இது பெரிசாத்தானே கீது. வெச்சிக்கலாம்ப்பா."

அதன் பிறகு ஏரியில் கதவு வைத்த கூடுகளே இறங்கின, குத்தகையும் தப்பியது. நான்தான் தப்பவில்லை. இன்றைக்கும் குளியலறையில் ஒரு கரப்பான் பூச்சியைக் கண்டு நான் கத்தினால், சமையலறையிலிருந்து, பிள்ளைகள் காதுபட, பதில் வருகிறது:

"பயப்படாத தம்பி, அக்கா வரேன்!"