தூளி சாரின் ஒரு தும்மல்

பெங்களூருவில் குளிரை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் எங்கள் தூளி சார்தான். மற்றவர்கள் எல்லாம் மேலே போர்த்திக்கொண்டு படுக்கிறவர்கள். அவர் ஒருவர்தான் கீழே போர்த்திக்கொண்டு படுத்தவர்.

இது என்ன உளறல் என்று நீங்கள் நினைக்கலாம். காக்ஸ் டவுனில் அந்த வீட்டு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோன புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். போன மறுநாள் காலை கீழே இறங்கிப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு திரும்பினால், முன்தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்துக்கும் பட்டர் ஃப்ரூட் மரத்துக்கும் நடுவே பச்சைத் துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. யாரோ ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று குனிந்து தாண்டப் போனேன். "பேப்பர் வந்துடுச்சா பாருங்க தம்பி" என்றது திரை. பால் பாக்கெட் கையிலிருந்து விழுந்து உடைந்துவிட்டது.

துணிக்குள்ளிருந்து முதலில் ஒரு மங்கி குல்லா வந்தது. பிறகு ஒரு மூக்குக் கண்ணாடி. பிறகு ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதர். சற்று நேரத்தில் அதே மனிதர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையும் டையுமாக, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கணக்குப் பார்க்கக் கிளம்பினார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவரும் வழி காட்ட மாட்டார்கள். தூளி சார் வீடு என்றால் ஆட்டோ நேரே வாசலில் வந்து நிற்கும்.

நமக்கெல்லாம் பல் முளைத்து நடக்க ஆரம்பித்ததும் தூளி முடிந்துவிடுகிறது. அவருக்கு ஐம்பதில் ஆரம்பித்ததற்குக் காரணம் தூக்கம். வருஷக்கணக்காக மனிதருக்குத் தூக்கமே கிடையாது. மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், கசகசா பால், ஜெபம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இரவு முழுக்க உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்திருந்துவிட்டு, பகலில் ஆபீஸில் கூட்டல் தப்பாகப் போட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஆபீஸிலிருந்து ஏதோ ரிசார்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் கிரிக்கெட் ஆடப் போக, இவர் மரத்தடியில் கட்டியிருந்த தூளியில் சும்மா சாய்ந்தார். கண் விழித்தபோது ரிசார்ட் தோட்டக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ் பஸ் முந்தின நாளே பெங்களூரு போய்ச் சேர்ந்துவிட்டது.

"என்னை மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எல்லாரும் கோவிச்சுக்கச் சொன்னாங்க தம்பி. எனக்கு அவங்க கையைப் பிடிச்சு முத்தம் குடுக்கணும் போல இருந்துச்சு" என்று என்னிடம் சொன்னார். வரும்போதே தூளி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து மழையில் மேலே நீலத் தார்ப்பாய், வெயில் காலத்தில் கொசுவலை என்று வருஷம் முழுக்க வெளியேதான்.

வீடு அவருடைய அக்கா ஸ்டெல்லா டீச்சருடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்தவர். சின்ன வயதில் தம்பிக்கு வீசிங். நெஞ்சு இழுக்க ஆரம்பித்தால் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது டீச்சர்தான். அந்தப் பையன் இப்போது வழுக்கை விழுந்த பிறகு பனியில் படுக்கிறான் என்றால் சும்மா விடுவாரா? ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு தும்மல்! ஒண்ணே ஒண்ணு என் காதுல விழட்டும். அன்னிக்கே கயித்தை அவுத்துட்டு உள்ள வந்து கட்டில்ல படுக்கணும். அப்புறம் வெளியங்கிற பேச்சே கூடாது."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, ஜன்னலையும் திறந்தே வைத்தார். ஒரு தும்மல் போட்டால் போச்சு, சார் மறுபடி உத்தரத்தைத்தான் பார்த்துக் கிடக்க வேண்டும்.

குளிர்காலம் வந்ததும் அவர் பட்ட பாடு இருக்கிறதே! மேலே ஒரு கம்பளி போதவில்லை என்று இரண்டு, மூன்று. அதற்கு மேல் ஸ்வெட்டர், மஃப்ளர், அக்காவின் பழைய சால்வை. ஆளே தெரியாது, மூட்டைதான் தெரியும். அப்படியும் காலையில் முதுகு ஐஸ் கட்டி. வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தார். அது நடுவில் ஒழுகி, காலையில் நனைந்த விரிப்பை வெயிலில் போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்த பார்வையைப் பற்றி அவர் இன்றுவரை பேச விரும்பவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஓடி வந்தார். "தம்பி, குளிர் மேல இருந்து வரலை. கீழ இருந்து வருது!" தூளியில் படுத்தால் அடியில் விரித்த கம்பளி உடம்பு பாரத்தில் அமுங்கி அப்பளமாகிவிடுகிறது. அடியில் காற்று ஜிலுஜிலுவென்று போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் பஞ்சு ரஜாயை உள்ளே விரிக்காமல், தூளிக்கு வெளியே, அடியில், உடம்பு அமுக்காதபடி தொங்கவிட்டுக் கட்டினார். பார்ப்பதற்குப் பலாப்பழம் காய்த்தது போல இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு மேலே ஒரே கம்பளியோடு சுகமாகத் தூங்கினார்.

குளிர் போனாலும் தும்மல் போகுமா? பெங்களூரு தூசிக்குத் தும்மாத மூக்கு உண்டா? அதற்கும் வழி வைத்திருந்தார். பக்கத்தில் ரயில் பாதை. மூக்கு குறுகுறுத்தால் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கூட்ஸ் வண்டிக்காகக் காத்திருப்பார். வண்டி ஹாரன் அடிக்கும்போது சேர்த்துவைத்ததையெல்லாம் தும்மிவிடுவார். வண்டி லேட்டானால் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

தூளி கட்டிய மூன்றாவது டிசம்பரில் கேரல்ஸ் பாட சர்ச்சிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கிதார், டிரம், பஞ்சுத் தாடி வைத்த கிறிஸ்துமஸ் தாத்தா, கூடவே புதிதாக மாற்றலாகி வந்திருந்த பாஸ்டர் ஐயா. சாருக்கு அன்று காலையிலிருந்தே மூக்கு சரியில்லை. அக்கா கண்ணில் படாமல் இருக்கச் சீக்கிரமே தூளிக்குள் போய், தூங்குவது போல் கிடந்தார். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயாவின் பார்வை தூளி மேல் விழுந்தது.

"ஐயோ பாவம். பிரதர் எவ்வளவு நாளா இப்படிப் படுக்கையா இருக்காங்க?"

"மூணு வருஷமா, பாஸ்டர்" என்றார் டீச்சர், உள்ளதை உள்ளபடி.

"டாக்டர் என்ன சொல்றாங்க?"

"அவன் யார் பேச்சைக் கேக்கறான்?"

பாஸ்டர் ஐயா மனம் உருகிவிட்டார். எல்லோரும் தூளியைச் சுற்றி நின்று கண்ணை மூடினோம். "இந்த அடிமை இந்தப் படுக்கையை விட்டு எழும்பி, தன் வீட்டுக்குள்ளே நடந்து போகக் கிருபை செய்யும் ஆண்டவரே" என்று அவர் ஜெபிக்க, டீச்சர் தெருமுனை வரை கேட்க "ஆமென்!" என்றார். அந்த ஆமென் அடங்கிய நிசப்தத்தில், தூளிக்குள்ளிருந்து வெடித்தது ஒரு தும்மல். கூட்ஸ் வண்டி வரவில்லை.

"சாரி, நான்தான்" என்றேன் சட்டென்று.

டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உன் தும்மல் எனக்குத் தெரியாதா? மாடியில தினம் கேக்கறேன், அது ஊசிப் பட்டாசு. இது எங்க அப்பா தும்மல். டேய் தம்பி, கயித்தை..."

முடிக்கவில்லை. அதே தும்மல், அதைவிடப் பெரிதாக, டீச்சரிடமிருந்தே வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. தாத்தா பயந்துபோய்த் தாடியைப் பிடித்துக்கொண்டார். சார் தூளியிலிருந்து குதித்து அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. தம்பி தும்முகிறானா என்று கேட்பதற்காக இரவெல்லாம் திறந்திருந்த ஜன்னல், மூன்று குளிர்காலமாக டீச்சர் தலைமாட்டில்தான் இருந்தது.

யாரும் சொல்லாமலே சார் கயிற்றை அவிழ்த்தார். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கஞ்சி காய்ச்சினார், மிளகு ரசம் வைத்தார், இரவு முழுக்க விழித்திருந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. "நான் பார்த்துக்கறேன் சார், நீங்க போய் வெளிய தூங்குங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. எனக்குத் தூக்கம் வரலைன்னு ஊரெல்லாம் சொன்னேன். எனக்காக ஒருத்தி தூங்காம கெடந்திருக்கா, அது தெரியலை பாருங்க" என்றார். ரசத்தைச் சூடு பண்ண எழுந்து போனார்.

காய்ச்சல் இறங்கியதும் டீச்சர் முதல் வேலையாகத் தம்பியைத் துரத்தினார். "இவன் பக்கத்துல உக்காந்து ஆந்தை மாதிரி முழிச்சா எனக்கு எப்படித் தூக்கம் வரும்? போடா வெளிய!" பிறகு சால்வையைப் போர்த்திக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். அதுவரை அவர் தூளியைத் தொட்டதே இல்லை. சார் தூளியை மறுபடி கட்டி ஏறிப் படுத்ததும், துணிக்கும் அடியில் தொங்கிய ரஜாய்க்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். கையை எடுக்கவே இல்லை.

"அடப்பாவி, அடுப்பங்கரை மாதிரி இருக்கு. நான்தான் உள்ள விறைச்சுக் கெடந்தேனா?"

அன்று முதல் ஜன்னலைச் சாத்தினார். ஆனால் சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக ஒரு கயிறு வெளியே வந்தது. ஒரு முனை தூளியில், மறுமுனை டீச்சர் கட்டிலில். கேட்டதற்கு, "இழுத்தா திரும்ப இழுக்கறானா பாக்கத்தான். உயிரோட இருக்கானான்னு தெரிய வேணாமா?" என்றார். ஆனால் ஓர் இலைகூட அசையாத மார்கழிக் காலைகளில் பால் பாக்கெட் எடுக்க இறங்கும்போது நான் பார்த்திருக்கிறேன். காற்றே இல்லாமல் அந்தத் தூளி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்.

நான் இப்போது ஊரின் மறுமுனையில், ஹெப்பகோடியில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். போன வாரம் ஜலதோஷம் பிடித்து, தும்மித் தும்மி ஓய்ந்துபோய் சாருக்குப் போன் செய்தேன். பேச ஆரம்பிக்கும்போதே இன்னொரு தும்மல்.

"மெதுவா தம்பி, மெதுவா! அக்கா பக்கத்துலதான் இருக்கா. காதுல விழுந்துச்சுன்னா உங்களையும் நம்ம வீட்டுக்குள்ள வந்து படுக்கச் சொல்லிடுவா" என்று கிசுகிசுத்தார்.

போனைக் கொஞ்சம் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒரு முறை பலமாகத் தும்மினேன்.