சகலை அறைக்கு வாங்கிய மெத்தை

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் மேகம் மூன்றே மூன்று. அப்போதுதான் என் சொந்தப் படுக்கையறைக்குள் நான் மாட்டிக்கொண்டேன். காரணம் பொறாமை. (அறுபத்தொன்பது வயதில் வரும் பொறாமைக்கு மாத்திரை கிடையாது. கேட்டுப் பார்த்தாயிற்று.)

பொறாமை என் சகலை ஏகாம்பரத்தின் மேல். என் மனைவி கமலாவின் தங்கையைக் கட்டியவர். ஒரகடத்தில் அவர் நிலம் தொழிற்பேட்டைக்குப் போனது. பணம் வந்தது, மாடி வீடு வந்தது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் ஓர் இரவு அங்கே தங்கி வந்த கமலா, அவர்கள் மெத்தையில் படுத்தால் முதுகுவலியே தெரியவில்லை என்றாள். மூன்று நாளில் பதினொரு முறை சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் கம்பெனி ஸ்டோர்ஸில் நட்டு, போல்ட் எண்ணியவன் நான், கணக்கு தப்பாது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடைக்குப் போனேன். அறை அளவு சொன்னால் அதற்கேற்ற மெத்தை தருவதாக விற்பனையாளர் சொன்னார். என் அறை ஒன்பதுக்கு எட்டு. பக்கத்தில் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள்; அவர்கள் காதுபட அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பதினாலுக்குப் பன்னிரண்டு" என்றேன். அது சகலையின் அறை. (போன பொங்கலுக்குப் போனபோது, தலைவலி என்று உள்ளே போய் டேப் பிடித்து அளந்தது.) கிங் சைஸ் தந்துவிட்டார். ஆறரை அடிக்கு ஆறடி.

மெத்தையிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, பாய் மாதிரி சுருட்டி அனுப்பியிருந்தார்கள். பழைய கட்டிலை முந்தின நாளே எடைக்குப் போட்டாயிற்று. அக்கம்பக்கத்தார் கண் பட்டுவிடுமே என்று கதவைச் சாத்திக்கொண்டு (தெருவிலேயே பெரிய பொறாமைக்காரன் உள்ளேதான் இருந்தான்) தரையில் வைத்து உறையைக் கிழித்தேன். மெத்தை பெருமூச்சு விட்டுப் பொங்கியது. அந்தப் பக்கம் பீரோவிலும் இந்தப் பக்கம் கதவிலும் முட்டி நின்றது. கதவோ உள்பக்கம் திறப்பது. இழுத்தேன், நாலு விரல் இடம் விட்டது. மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

யாரிடமும் சொல்லாதே என்று அந்த நாலு விரல் வழியாகக் கமலாவைக் கெஞ்சினேன். அவள் ஏற்கெனவே தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். இருபத்தாறாவது நிமிடம் சகலை தச்சரோடு வந்துவிட்டார்.

"இன்னா சகல, அதுக்குள்ள தூங்கிட்டீங்களா?"

நாலு விரல் இடுக்கில் அவர் கண் ஒன்று தெரிந்தது.

"ரூம அளந்தீங்களா இல்லியா?"

"அளந்தேன்."

"யாரு ரூம?"

முதுகுவலிக்காரி குனிந்து குனிந்து சிரிப்பது இடுக்கில் தெரிந்தது.

தச்சர் கதவின் மேல்பாதியை அறுத்து எடுத்தார். சகலை என்னைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி வெளியே இறக்கினார். தெருவில் பதினான்கு பேர்.

கிழித்த மெத்தையைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. அது கொள்ளும் இடம் சகலை வீட்டு மாடி அறை ஒன்றுதான். பாதி விலை தருகிறேன் என்றார் சகலை. ரோஷத்தில், சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை கமலா அங்கே போய் அதில் நிம்மதியாகத் தூங்குகிறாள். அவர் பிள்ளைகள் அந்த அறைக்கு 'பெரியப்பா ரூம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா அதில் ஒருநாளும் படுத்ததில்லை.

மெத்தை 24,500. புதுக் கதவு 7,200. தச்சர் கூலி 800. இடுப்புக்குத் தைலம் 145. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் கமலாவின் பயணச் செலவு சேரவில்லை. ஆக மொத்தம் ரூபாய் 32,645.